பார்படாஸில் சின்னக் குழந்தைகளோடு ஒரு கடற்கரை நாள்: முழுமையான வழிகாட்டி

பார்படாஸ் தீவின் தலைநகரான பிரிட்ஜ்டவுனும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டும் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி. மெரினாவில் சித்திரை வெயில் உச்சந்தலையில் இறங்குவது போலவே அங்கேயும் இறங்கும். மூன்று வயதுப் பிள்ளையை மத்தியானம் 12 மணிக்கு மெரினா மணலில் உட்கார வைக்க நம்மில் யாருக்கும் மனசு வராது. ஆனால் கரீபியன் விடுமுறை என்றதும் அந்த நிதானம் எங்கோ போய்விடுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து கிழக்குக் காற்று ஓயாமல் வீசுவதால் உடம்பில் சூடு உறைப்பதில்லை. ஹோட்டலில் நிதானமாகக் காலை உணவை முடித்து, 11 மணிக்குத் தண்ணீரில் இறங்கி, 3 மணிக்குச் சிவந்த தோளும் அழுகையுமாகத் திரும்பும் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

அதனால் நான் சொல்ல வருவது முதன்மையாக ஒன்றுதான்: கடற்கரை நாளை இரண்டாக வெட்டுங்கள். காலை 6.30-லிருந்து 9.30 வரை ஒரு பாதி. மாலை 3.30-லிருந்து 5.30 வரை இன்னொரு பாதி. நடுவில் அறை, சாப்பாடு, தூக்கம். டொரோன்டோ, நியூயார்க் பக்கமிருந்து கோடையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடிகார நேரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஆனால் டொரோன்டோவில் ஜூலை மாதம் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1.20 வாக்கில். பார்படாஸில் 12 மணிக்கே வந்துவிடும். அங்கே காலை 10 மணி வெயில் என்பது உங்கள் ஊர் 11 மணி வெயிலைவிடக் கடுமை. லண்டனிலிருந்து போகிறவர்களுக்கு வேறு விதத்தில் வசதி. நேர வித்தியாசத்தால் பிள்ளைகள் முதல் சில நாட்கள் விடியற்காலை 4 மணிக்கே எழுந்து உட்காருவார்கள். அவர்களைத் திரும்பத் தூங்க வைக்கப் போராடாமல் கடலுக்குக் கூட்டிப் போய்விடலாம்.

முதல் படி: எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்

பார்படாஸில் கடற்கரைகள் எல்லாமே பொதுச் சொத்து. பெரிய ஹோட்டல் முன்னால் இருக்கும் மணலிலும் யாரும் உட்காரலாம். ஆகவே தங்கும் இடத்துக்கு எதிரே இருப்பதால் மட்டும் ஒரு கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் வயதுக்கு ஏற்றதைத் தேடிப் போகலாம்.

மேற்குக் கரை கரீபியன் கடலைப் பார்த்தது. பெரும்பாலான நாட்களில் அலை கணுக்காலைத் தாண்டாது. தெற்குக் கரையில் அலை நடுத்தரம். கிழக்குக் கரை நேரடியாக அட்லாண்டிக்கை எதிர்கொள்கிறது. பாத்ஷீபாவின் பெரும் பாறைகளும் அலைச்சறுக்கு வீரர்களும் பார்க்கவேண்டிய காட்சிதான், ஆனால் அங்கே நீரோட்டத்தின் இழுப்பு பெரியவர்களையே கொண்டுபோய்விடும். பார்த்துவிட்டு வாருங்கள், குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு என் முதல் தேர்வு பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடா. தென்முனையில் பெபிள்ஸ் கடற்கரை, நடுவில் பிரௌன்ஸ் கடற்கரை என்று பிறை வடிவில் வளைந்து கிடக்கிறது. மணல் மெத்தென்று இருக்கும், காலுக்கடியில் பாறை குறைவு. தவழும் குழந்தை இருந்தால் தெற்கே வொர்திங்கைப் பாருங்கள். அங்கே பவளத்திட்டு ஒன்று அலையை வெளியிலேயே தடுத்துவிடுவதால் கரையோரம் ஆழமில்லாத குளம் போலத் தண்ணீர் நிற்கிறது. ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அலை வேண்டும் என்றால் ஆய்ஸ்டின்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் மயாமி கடற்கரை. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அமைதி, மேலே சவுக்கு மரங்களின் நிழல்.

போகும் முன்பு மூன்று விஷயம் விசாரியுங்கள். ஒன்று, துறைமுகத்துக்கு அன்றைக்கு எத்தனை பயணக் கப்பல் வருகிறது என்பது. கப்பல் நாளில் கார்லைல் விரிகுடா 10 மணிக்கு மேல் நிரம்பி வழியும், நீங்கள் அதற்குள் கிளம்பிவிடுவீர்கள் என்பதால் கவலையில்லை. இரண்டு, சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி. 2011-லிருந்து கரீபியன் தீவுகளில் பெருமளவில் ஒதுங்குகிறது. பார்படாஸில் கிழக்கும் தெற்கும்தான் அதிகம் மாட்டும், மேற்கு பெரும்பாலும் தப்பிவிடும். குவிந்து அழுகினால் கெட்ட முட்டை நாற்றத்தோடு வாயு வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மூன்று, பருவம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். தீவு வரிசையிலிருந்து கிழக்கே தள்ளி நிற்பதால் பார்படாஸுக்கு அடி குறைவு என்றாலும், 2021-ல் எல்சா நேரடியாகத் தாக்கியது, 2024-ல் பெரில் தெற்கே கடந்துபோனபோதே மீன்பிடிப் படகுகளை நொறுக்கிவிட்டது. அந்த மாதங்களில் தினமும் வானிலை அறிக்கை பாருங்கள்.

இரண்டாம் படி: முந்தின இரவே பையைக் கட்டுங்கள்

விடியற்காலையில் தேடிக்கொண்டிருந்தால் நல்ல நேரம் கைநழுவிவிடும். எல்லாவற்றையும் இரவே வாசலில் வைத்துவிடுங்கள்.

நீச்சல் உடையின் நிறத்தில் அக்கறை காட்டுங்கள். நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் தண்ணீருக்கடியில் மறைந்துபோகும். பளிச்சென்ற ஆரஞ்சு, கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, இரண்டும் எங்கிருந்தும் தெரியும். முழுக்கை நீச்சல் சட்டை எடுங்கள். அது மூடிய இடத்துக்குச் சன்ஸ்க்ரீன் பூச வேண்டாம், பிள்ளை நெளிகிற நேரமும் மிச்சம். ராணுவ உடை மாதிரி பச்சைத் திட்டுப்போட்ட துணி எதுவும் பெட்டியில் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பார்படாஸில் பொதுமக்கள் அந்தத் துணி அணிவது சட்டப்படி குற்றம். குழந்தையின் தொப்பி, பை வரைக்கும் அந்தத் தடை பொருந்தும்.

சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 50, சிங்க் ஆக்சைடு அடிப்படையிலானது நல்லது. பிள்ளைத் தோலுக்கும் எரிச்சல் குறைவு, பவளத்துக்கும் கேடு குறைவு. அறையிலேயே, ஆடை போடும் முன் பூசிவிடுங்கள். காது மடல், பின்கழுத்து, பாதத்தின் மேல்பக்கம் மூன்றும்தான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். தண்ணீரில் விளையாடினால் இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி பூச வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழல்தான் சன்ஸ்க்ரீன். நம் பிள்ளைகளுக்குக் கறுத்த தோல்தானே, ஒன்றும் ஆகாது என்று பாட்டிமார் சொல்வார்கள். தோல் எரியும், உரியும். நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுகிற ஊர் அது.

லைஃப் ஜாக்கெட்டை ஊரிலிருந்தே எடுத்துப்போங்கள். பிள்ளையின் எடைக்குச் சரியானதாக, கால்களுக்கிடையே வார் போட்டதாக இருக்கட்டும். கையில் மாட்டும் காற்றுப் பைகளை நம்ப வேண்டாம்.

மற்றவை சுலபம். அகன்ற விளிம்புத் தொப்பி, நீச்சல் டயப்பர், தண்ணீரில் போடும் செருப்பு, ஐஸ் போட்ட பெட்டி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். குழாய்த் தண்ணீரையே பிடித்துக்கொள்ளலாம். பவளச் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் வடிந்து வருகிற நிலத்தடி நீர் அது, குடிக்க நன்றாக இருக்கும். சின்ன டப்பாவில் சோள மாவும் ஒரு கைப்பிடி வேண்டும். உடம்பு காய்ந்ததும் அதைத் தூவித் தேய்த்தால் ஒட்டிய மணல் உதிர்ந்துவிடும்.

மூன்றாம் படி: போய்ச் சேருவது

அரசுப் பேருந்து நீல நிறம், தனியார் மினி பஸ் மஞ்சள், செட் ஆர் என்று அழைக்கப்படும் வேன்கள் வெள்ளை. எதில் ஏறினாலும் கட்டணம் மூன்றரை பார்படாஸ் டாலர்தான். குழந்தைகளோடும் மூட்டைகளோடும் போகும்போது செட் ஆர் வேனைத் தவிர்க்கலாம், நெருக்கியடித்து உட்கார வைப்பார்கள், பாட்டும் காதைப் பிளக்கும். டாக்சிகளில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். அப்படிப் பேசும்போது எந்த டாலர் என்றும் கேளுங்கள். 2 பார்படாஸ் டாலர் 1 அமெரிக்க டாலருக்குச் சமம், இரண்டும் கடைகளில் செல்லும். கேட்காமல் விட்டால் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு வர நேரும். நாற்காலி, குடை வாடகைக்கும் இதே எச்சரிக்கை. வண்டி வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: நம் ஊர் மாதிரி இடப்பக்க ஓட்டம். குழந்தை இருக்கையை முன்பதிவிலேயே கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: விடியற்காலை, குதிரைகள், நிழல்

சூரிய உதயம் ஆண்டு முழுவதும் 5.30-க்கும் 6.30-க்கும் இடையில். பெபிள்ஸ் கடற்கரைக்கு உதயத்தை ஒட்டிப் போய்ச் சேர முடிந்தால், பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பேசிக்கொண்டிருக்கும் ஒரு காட்சி கிடைக்கும். பக்கத்தில் இருக்கும் காரிசன் சவானா மைதானத்துப் பந்தயக் குதிரைகளைக் குளிப்பாட்டி நீந்த வைக்க அங்கேதான் ஓட்டி வருகிறார்கள். முதலில் ஈர மணலில் குளம்புச் சத்தம். பிறகு குதிரை ஒரு நொடி தயங்கும், கழுத்தை உதறும், மார்பளவு தண்ணீர் வந்ததும் கால்கள் தரையை விட, தலை மட்டும் வெளியே தெரிய மூக்கால் புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டு நீந்தும். பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்தபடி பக்கத்திலேயே வருவார். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, குதிரைக்குப் பின்பக்கம் போகாமல், பத்தடி தள்ளி நின்று பாருங்கள். படம் எடுக்கும் முன் ஒரு காலை வணக்கம் சொல்லுங்கள். பார்படாஸில் வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது மரியாதைக் குறைவு. கடையிலும் பஸ்ஸிலும் இதே பழக்கம்தான்.

அடுத்து இடம் பிடிப்பது. மேற்குக் கரையில் நாட்டு வாதாம் மரங்கள் நிறைய, நல்ல நிழல். ஆனால் எந்த மரத்தடியிலும் துண்டை விரிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள், அடிமரத்தையும் பாருங்கள். மாஞ்சினீல் என்றொரு மரம் கரையோரங்களில் வளர்கிறது. பளபளக்கும் பச்சை இலை, சின்னஞ்சிறு பச்சை ஆப்பிள் மாதிரி காய், இனிப்பான வாசனை. குழந்தை பார்த்தால் எடுத்துக் கடிக்கத் தோன்றும். ஒரு கடி போதும், வாயும் தொண்டையும் வெந்து வீங்கிவிடும். பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. மழை பெய்யும்போது அந்த மரத்தடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே போதும். பார்படாஸில் இந்த மரங்களின் அடியில் சிவப்பு வளையம் பூசி வைத்திருக்கிறார்கள், பல இடங்களில் எச்சரிக்கைப் பலகையும் உண்டு. சிவப்பு வளையம் கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம். பூச்சு அழிந்த மரமும் இருக்கலாம் என்பதால், கீழே விழுந்த எந்தக் காயையும் தொடக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். கொத்துக் கொத்தாகக் காய்த்து வட்ட இலையோடு நிற்பது கடல் திராட்சை, அதனால் கெடுதல் இல்லை.

ஐந்தாம் படி: தண்ணீரில்

இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

மேற்குக் கரையில் அலை இல்லை என்பதால் அது பாதுகாப்பான கடல் என்று எல்லோரும் நினைக்கிறோம். அலை அமைதியாக இருப்பதற்கு என்ன காரணம்? காற்று கிழக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரத்தில் நிற்கும் உங்களுக்கு மரங்களும் கட்டடங்களும் அந்தக் காற்றை மறைத்துவிடும். இருபதடி உள்ளே போன ரப்பர் மிதவைக்கு மறைப்பு கிடையாது. பெரிய வாத்து பொம்மையில் உட்கார்ந்த பிள்ளையைக் காற்று சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டே போகும், துரத்தி நீந்தும் அப்பாவைவிட வேகமாக. அடுத்த நிலம் செயின்ட் வின்சென்ட் தீவு, 150 கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே மேற்குக் கரையில் காற்று அடைத்த பொம்மை மணலோடு சரி. பந்து உள்ளே போய்விட்டால் போகட்டும், துரத்த வேண்டாம் என்று பெரிய பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அடுத்தது காவல். அப்பா, அம்மா, சித்தி, தாத்தா என்று ஆறு பெரியவர்கள் இருக்கும் கூட்டத்தில் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எல்லோரும் நினைப்பார்கள். அதனால் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள். “மாமா, அடுத்த இருபது நிமிஷம் நீங்கதான் பார்த்துக்கணும்.” அந்த இருபது நிமிடம் அவர் கையில் போன் இருக்கக்கூடாது, பேச்சுக்கொடுக்கவும் கூடாது. நேரம் முடிந்ததும் அடுத்தவர் “நான் பார்த்துக்கறேன்” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவர் கண்ணை எடுக்கலாம். தண்ணீரில் மூழ்கும் குழந்தை கூச்சல் போடாது, கை ஆட்டாது. நீந்தத் தெரியாத பிள்ளை எப்போதும் உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் இது மாறாது.

பல கடற்கரைகளில் லைஃப்கார்டு உண்டு. சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக்கூடாது. ஆனால் அவ்வளவு அதிகாலையில் அவர் வந்திருப்பார் என்ற நம்பிக்கையில் இறங்காதீர்கள். குளிர்கால மாதங்களில் வடக்கே எங்கோ வீசும் புயலால் மேற்குக் கரையிலும் திடீரென்று பெரிய அலை எழும் நாட்கள் உண்டு. அன்றைக்கு மணல் விளையாட்டு மட்டும். நீர் ஸ்கூட்டர்கள் ஓடும் இடத்தில் மிதவைகள் கட்டிய எல்லைக்குள்ளேயே இருங்கள்.

கார்லைல் விரிகுடாவில் ஆமைகள் வரும். தொடாதீர்கள், தீனி போடாதீர்கள், வழி மறிக்காதீர்கள். மூழ்கிய கப்பல்களும் அங்கே இருக்கின்றன, 1919-ல் மூழ்கிய பெர்வின் என்ற பிரெஞ்சு இழுவைப் படகு உட்பட. முகமூடி போட்டு நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு அது பெரிய அனுபவம். தெரியாத பிள்ளைகளோடு கண்ணாடித்தளப் படகில் போய்ப் பாருங்கள்.

ஆறாம் படி: சின்னக் காயங்கள்

பாறை இருக்கும் இடத்தில் கறுப்புக் கடல் முள்ளெலி இருக்கும். முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை ஊற வைத்து, தெரிகிற முள்ளை மட்டும் இடுக்கியால் எடுங்கள். ஆழப் புதைந்ததை டாக்டர் பார்க்கட்டும். சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீரால் அலசி, பிறகு வெந்நீர். கரையில் நீல ஊதா நிறத்தில் சின்ன பலூன் மாதிரி ஏதாவது ஒதுங்கிக் கிடந்தால் காய்ந்திருந்தாலும் தொடக்கூடாது, அது போர்ச்சுகீஸ் மேன் ஓ வார், செத்த பிறகும் கொட்டும். மாஞ்சினீல் பால் பட்டால் உடனே சோப்பும் நிறையத் தண்ணீரும். காயைக் கடித்துவிட்டாலோ கண்ணில் பட்டாலோ நேரே ஆஸ்பத்திரி.

ஆம்புலன்ஸ் 511, தீயணைப்பு 311, போலீஸ் 211. எல்லோர் போனிலும் பதிந்துவையுங்கள். பெரிய அரசு மருத்துவமனையான குயின் எலிசபெத் பிரிட்ஜ்டவுனிலேயே இருக்கிறது.

ஏழாம் படி: 9.30-க்குக் கிளம்பி, நடுப்பகல் முழுவதும் உள்ளே

பிள்ளைகள் வரமாட்டோம் என்பார்கள். கிளம்பும் நேரத்துக்கு ஒரு தின்பண்டத்தை முடிச்சுப் போட்டுவிடுங்கள். ஸ்நோ கோன் விற்பவர் வண்டியோடு வந்தால் அதைவிட நல்ல தூண்டில் இல்லை. சீவிய ஐஸைக் குவித்து, கேட்ட நிறத்தில் சர்க்கரைப் பாகு ஊற்றி, மேலே கெட்டியாகச் சுண்டிய பாலைச் சுற்றி விடுவார். அந்தப் பாலுக்காகவே பெரியவர்களும் வரிசையில் நிற்பார்கள். இளநீரும் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு: சால்ட் பிரெட் என்ற வட்ட ரொட்டிக்குள் மீனோ சீஸோ வைத்த கட்டர் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதே ரொட்டிக்குள் இரண்டு மீன் உருண்டை வைத்தால் பெயர் பிரெட் அண்ட் டூ. பக்கத்தில் வைக்கும் மஞ்சள் மிளகாய்ச் சாஸ் கடுகும் காட்டமான மிளகாயும் சேர்ந்தது, நம் ஆட்களையே இரண்டு மிடறு தண்ணீர் குடிக்க வைக்கும், குழந்தைகள் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். சைவக்காரர்களுக்கு மக்ரோனி பை, வாழை வறுவல், ஈரப்பலா உண்டு. 1972-லிருந்து இருக்கும் செஃபெட் கடைகளில் உருளைக்கிழங்கு ரொட்டி கிடைக்கும், பல கிளைகளில் விளையாட்டு இடமும் உண்டு. பயறு போட்ட சாதம் பார்க்கச் சைவமாகத் தெரியும். அதில் உப்புக்கண்டம் சேர்ப்பது அங்கே வழக்கம் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். தயிர்சாதம் கட்டிப்போகிறவர்கள் ஐஸ் பெட்டியின் அடியில் வையுங்கள், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற சாதத்தைக் குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது.

அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளியல், காதைத் துடைப்பது, பிறகு திரையை இழுத்துவிட்டுத் தூக்கம். வெளியே அவ்வளவு அழகான கடல் இருக்கும்போது உள்ளே படுப்பதா என்று தோன்றும். இந்த இரண்டு மணி நேரத் தூக்கம்தான் மாலையைக் காப்பாற்றும்.

எட்டாம் படி: மாலை

மாலைக்கு வேறு இடம் போங்கள். தெற்கே ராக்லியில் தொடங்கும் ரிச்சர்ட் ஹெய்ன்ஸ் நடைபாதை கடலை ஒட்டியே ஹேஸ்டிங்ஸ் வரை போகிறது. தள்ளுவண்டி சீராக ஓடும், தாத்தா பாட்டிக்கும் நடக்க வசதி. ராக்லியில் அலை கொஞ்சம் வலுவானது, ஆகவே காலை நனைத்து மணல் வீடு கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். மே முதல் அக்டோபர் வரை அழுங்காமைகள் முட்டையிட ஏறும் காலம். கிளம்பும்போது தோண்டிய குழிகளை மூடி, நாற்காலிகளை ஒதுக்கி வையுங்கள், இரவில் வரும் ஆமை குழியில் விழுந்தால் மீள முடியாது. ஆமைக்குஞ்சுகளைக் கண்டால் நீங்களாக எடுத்துக் கடலில் விடாமல் ஹோட்டலில் சொல்லுங்கள், அவர்கள் ஆமைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் கொடுப்பார்கள்.

டிசம்பரில் சூரியன் 5.35 வாக்கிலேயே மறையும், ஜூனில் 6.25. மறைந்த உடனே மணல் ஈக்கள் கணுக்காலைப் பிடுங்கும், அதற்கு முன்பே பிள்ளைகளுக்கு முழுக்கால்சட்டை மாட்டிவிடுங்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்தால் நேரே ஆய்ஸ்டின்ஸ் மீன் வறுவல் சந்தைக்கு விடுங்கள். பாட்டும் ஆட்டமும் களைகட்டுவது 8 மணிக்கு மேல், அப்போது உட்கார இடம் கிடைக்காது. 6 மணிக்கே போய்விட்டால் அடுப்புப் பக்கத்து மேசையே கிடைக்கும். பறக்கும் மீனும் மாஹி மாஹியும் கரியில் சுட்டுத் தருவார்கள், முள்ளெடுத்த துண்டு வேண்டும் என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு வாங்குங்கள். 7.30-க்குள் கிளம்பிவிடுங்கள், மறுநாள் 6.30-க்குத் திரும்பக் கடலில் இருக்க வேண்டும்.